தையல் பெட்டி: பூச்சட்டையைத் தைத்தவர்கள்

போன இதழில் அரைக்கைச் சட்டை பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி ஹவாய்ச் சட்டையைப் பற்றித்தான். எல்லாரும் பூச்சட்டை என்றே எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பாவாடை, ரவிக்கைக் கேள்விகள் அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவை அடுத்த இதழில் வரும்.

கேள்வி: ஆன்ட்டி, கப்பலில் வேலை செய்யும் என் தம்பி ஹொனலுலுவில் இருந்து அப்பாவுக்கு ஒரு பூச்சட்டை வாங்கி வந்திருக்கிறான். 1950-களின் பாணியில் இப்போது புதிதாகத் தைத்தது. ரேயான் துணி, கொட்டாங்குச்சி பட்டன். கூடவே ஓர் அட்டை வைத்திருக்கிறார்கள். தைத்தவரின் கொள்ளுத் தாத்தா ஜப்பானில் இருந்து கரும்பு வெட்ட வந்தவர், பாட்டி தையல்காரி என்று அதில் இருக்கிறது. விலையைக் கேட்டு அம்மா வாயடைத்துப் போய்விட்டார். சட்டைக்குக் காசா, கதைக்குக் காசா?
— ஒரு வாசகி, பீனிக்ஸ், டர்பன்

கண்ணு, நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி நன்றாகப் பார்த்துவிட்டேன். சட்டையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்த அட்டையைப் பார்ப்போம். விலை ஏற்றுவதற்காக ஒட்டிய கதை என்று அதை ஒதுக்காதே. கரும்புத் தோட்டம் இல்லாமல் இந்தச் சட்டையே இல்லை.

ஹவாயில் சர்க்கரைத் தோட்டங்கள் பெருகியபோது வெட்டுவதற்கு ஆள் போதவில்லை. 1852-இல் சீனர்களை ஒப்பந்தம் போட்டுக் கூட்டி வந்தார்கள். 1868-இல் ஜப்பானில் இருந்து முதல் கூட்டம் வந்தது, நூற்றைம்பது பேர் அளவில். 1878-இல் போர்ச்சுகீசியர்கள். 1885 முதல் அரசு ஒப்பந்தத்தில் ஆயிரக்கணக்கான ஜப்பானியர்கள். 1906 முதல் பிலிப்பினோக்கள். இந்த ஆண்டுகளை நம் தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். ட்ரூரோ கப்பல் மதராசில் இருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களும் கரும்புக்காகத்தான் வந்தார்கள். ஹவாய்த் தோட்டத்தில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அவர் மாட்டியிருந்த உலோக வில்லையின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இங்கே கப்பல் பட்டியலில் நம் முன்னோர் ஒவ்வொருவரின் பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண் நிற்கிறது. அட்டையில் ‘கரும்பு வெட்ட வந்த கொள்ளுத் தாத்தா’ என்று படித்தபோது உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லையா?

தோட்டத்தில் அவர்கள் போட்டது பூச்சட்டை இல்லை. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட முரட்டுப் பருத்தித் துணி. பலாகா என்று பெயர். கரும்புச் சோகை கையைக் கிழிக்காமல் இருக்க அந்தத் தடிமன் வேண்டியிருந்தது. பூ வந்தது நகரத்தில், அடுத்த தலைமுறைக் கையில். ஜப்பானியப் பெண்கள் கிமோனோத் துணியும், யுக்காத்தா என்ற பருத்தித் துணியும் பயன்படுத்துகிறவர்கள். அவற்றிலும் சட்டை வெட்டலாம் என்று ஹொனலுலு தையல்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இடுப்பில் செருகாமல் வெளியே விட்டுப் போடும் வழக்கத்தைப் பிலிப்பினோக்களின் சட்டை கொடுத்தது. வெட்டு மேற்கத்தியது. இப்படி நாலு ஊர் ஆட்கள் ஒரே தெருவில் கடை போட்டதால் சேர்ந்த உடை இது.

யார் முதலில் தைத்தார் என்று ஒரு வாசகர் தனியாகவே கேட்டிருந்தார், அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘அலோஹா சட்டை’ என்ற பெயரோடு 1935 ஜூன் 28 அன்று ஹொனலுலு பத்திரிகை ஒன்றில் விளம்பரம் வந்தது. கொடுத்தது மூசா-ஷியா என்ற கடை, கொய்ச்சிரோ மியாமோட்டோ நடத்தியது. விலை 95 சென்ட்டில் தொடங்கியது. அதே காலத்தில் கிங் தெருவும் ஸ்மித் தெருவும் சேரும் இடத்தில் எல்லரி சுன் என்ற சீனக் குடும்பத்துப் பையன் அப்பாவின் துணிக்கடையை எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து 1931-இல் முடித்தவர். பொருளாதாரம் படுத்திருந்த காலம், வேறு வேலை எதுவும் இல்லை. அவர்தான் சட்டைகளை ஆயத்தமாகத் தைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார், பிறகு அந்தப் பெயரை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்துகொண்டார். படங்களை வரைந்தது அவருடைய தங்கை எதெல். பெரும்பாலான கட்டுரைகளில் அண்ணன் பெயர் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் எதெல் பெயரை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான்: பதிவு செய்தவர் ஒருவர், விளம்பரம் கொடுத்தவர் ஒருவர். ஆனால் அதற்கு முன்பே மிஷினில் உட்கார்ந்து பூத்துணியில் சட்டை தைத்த பெண்கள் அந்த ஊரில் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

1941 டிசம்பரில் போர் வந்ததும் ஜப்பானியத் துணி வரத்து நின்றது. கொக்கும் மூங்கிலும் பியூஜி மலையும் சட்டையில் இருந்து மெல்லப் போய், செம்பருத்தியும் சீமைப்பலா இலையும் அலைகளும் தென்னையும் முன்னே வந்தன. போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் இந்தச் சட்டையை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனார்கள். ரேயானில் சாயம் ஆழமாகப் பிடிக்கும், துணி வழவழவென்று விழும். 1950-களின் சட்டைகளை இன்றைக்கும் தேடித் தேடி வாங்குகிறார்களே, அது இந்தத் துணிக்காகவும் இந்த நிறத்துக்காகவும்தான்.

அந்தக் காலத்து ஆட்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆல்ஃபிரட் ஷஹீன். லெபனானில் இருந்து வந்த துணி வியாபாரக் குடும்பம், போரில் விமானம் ஓட்டியவர். 1948-இல் ஹொனலுலுவில் கடை தொடங்கினார். வெளியூரில் அச்சடித்த துணிக்காகக் காத்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. போர் முடிந்து கழித்துக்கட்டிய இயந்திர பாகங்களை வாங்கித் தானே அச்சு இயந்திரம் பூட்டினார். ஓவியர்களை வைத்துப் பழைய ஹவாய், தாஹித்தி, சீன வடிவங்களைப் படிக்கச் சொல்லி, அதிலிருந்து புதிதாக வரையவைத்தார். எல்விஸ் பிரெஸ்லி 1961-இல் ஓர் இசைத்தட்டு அட்டையில் போட்டிருக்கும் சிவப்புச் சட்டை அவருடைய பட்டறைத் துணிதான். வரைவது, அச்சடிப்பது, வெட்டுவது, தைப்பது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. தொழிற்சாலையில் பல வருடம் நின்றவளுக்குத்தான் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று தெரியும்.

சரி, உன் அப்பாவின் சட்டைக்கு வருகிறேன். இரண்டாவது படத்தில் பாக்கெட்டைத் தேடவேண்டியிருந்தது, அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. செம்பருத்தியின் பாதி இதழ் பாக்கெட்டிலும் பாதி இதழ் மார்பிலும் இருக்கிறது, நடுவில் ஒரு நூல் அளவு கூட விலகவில்லை. அப்படிச் செய்ய ஒரே வழிதான் உண்டு. முன்பக்கத்தை முதலில் வெட்டி, மீதித் துணியில் அதே பூ எங்கே வருகிறது என்று கண்ணால் தேடி, மடிப்புக்கு இடம் விட்டுப் பாக்கெட்டைக் கையால் வெட்டவேண்டும். துணி வீணாகும், நேரமும் போகும். நான் வேலை செய்த தொழிற்சாலையில் பாக்கெட்டை எந்தத் துண்டில் இடம் இருக்கிறதோ அதில் வெட்டுவோம். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று லானி, அதாவது முதலாளி, எண்ணிக்கொண்டே நிற்பார், பூவைத் தேட யாருக்கு நேரம்? உன் தம்பி கொடுத்த காசில் பெரும்பங்கு அந்தத் தேடலுக்கான கூலி. கதை சட்டைக்குள்ளேயே இருக்கிறது. அம்மாவிடம் பாக்கெட்டைக் காட்டு.

கேள்வி: இணையத்தில் ‘அசல் பழைய பாணி’ என்று எல்லாரும் விற்கிறார்கள். கையில் தொட்டுப் பார்க்க முடியாது. படத்தை வைத்து நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜப்பானில் தைத்த ஹவாய்ச் சட்டை என்று ஒன்றைப் பார்த்தேன், அது போலிதானே?
— ஒரு வாசகர், வெருலம்

கடைசிக் கேள்விக்கு முதலில்: போலி இல்லை தம்பி. 1950-களிலேயே ஹவாய்க் கடைகள் தங்கள் படங்களை ஜப்பானுக்கு அனுப்பித் துணி அச்சடித்து வாங்கியிருக்கின்றன. இன்றைக்கும் பழைய சட்டைகளை நூல் நூலாக ஆராய்ந்து திரும்பத் தைப்பதில் ஜப்பானியப் பட்டறைகள் முன்னணியில் நிற்கின்றன. எங்கே தைத்தது என்பதை மறைக்காமல் சொல்கிற கடையை நம்பலாம். ஹவாய் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, தைத்த நாட்டைச் சலவை அட்டையின் அடியில் ஒளித்துவைப்பவரிடம் வாங்காதீர்கள்.

படத்தில் முதலில் பாக்கெட்டைப் பாருங்கள், மேலே சொன்னதுதான். அடுத்தது முன்பக்கம் பட்டன் போட்ட பிறகு இடது படமும் வலது படமும் சேருகிறதா என்று பாருங்கள். காலர் விரிந்து மார்போடு தட்டையாகப் படுக்கவேண்டும். கழுத்துப் பட்டி வைத்த ஆபீஸ் காலர் பழைய பாணி ஆகாது. கழுத்தருகே ஒரு சின்ன நூல் வளையமும் மறுபக்கம் காலருக்கு அடியில் குட்டி பட்டனும் இருந்தால், பழைய வெட்டைத் தெரிந்தவர் தைத்தது என்று அர்த்தம். அடிப்பகுதி நேராக இருக்கவேண்டும், வளைந்த வால் கூடாது. இது வெளியே விட்டுப் போடவேண்டிய சட்டை.

படம் கொஞ்சம் மங்கலாக, துணியைத் திருப்பிப் போட்டமாதிரி இருந்தால் பயப்படாதீர்கள். 1960-களில் வெயிலில் வெளுத்த தோற்றத்துக்காக வேண்டுமென்றே அச்சின் உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைக்கத் தொடங்கினார்கள். ரெய்ன் ஸ்பூனர் நிறுவனம் அதில் பேர் வாங்கியது. ஹவாயில் ஆபீஸ் போகிறவர்கள் பலர் அந்த மங்கல் சட்டையைப் போடுகிறார்கள்.

வாங்கியபின் துணி ரேயான்தானா என்று சந்தேகம் வந்தால், உள் மடிப்பில் இருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்துங்கள். ரேயான் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உருளும். நூலை மட்டும் கொளுத்துங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்கவேண்டாம்.

கேள்வி: துவைப்பது எப்படி? மிஷினில் போடலாமா?
— மூன்று கடிதங்கள்

போடாதீர்கள். ரேயான் மரக்கூழில் இருந்து எடுத்த நூல். நனைந்தால் அதன் பலம் பாதி அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை அழுத்தி எடுத்து, நிழலில் பரப்பிக் காயவைக்கவேண்டும். டர்பன் வெயிலில் மாட்டினால் ஒரே கோடையில் சிவப்பு போய்விடும். உள்பக்கமாகத் திருப்பி மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள்.

கேள்வி: எனக்கு 23 வயது. மாரியம்மன் கோயில் கூழ் பூசைக்குப் பூச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். ‘அது வேறு ஆட்களுடைய உடை, உனக்கு எதற்கு’ என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். ஹவாய்க்காரர்களின் பண்பாட்டை நாம் போட்டுக்கொள்வது தப்பா?
— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

தம்பி, எல்லார் முன்னாலும் கேட்டது எனக்கும் வருத்தம்தான், ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

ஹவாய் மண்ணின் மக்களுக்குச் சொந்தமான துணி என்றால் அது கப்பா. காகித மல்பெரி மரத்தின் உட்பட்டையை ஊறவைத்து, கட்டையால் அடித்து அடித்துத் துணியாக்கி, செதுக்கிய மூங்கில் அச்சால் கோடும் முக்கோணமும் பதிப்பார்கள். மிஷனரிகள் 1820-இல் வந்தபின் நெய்த துணி பரவி, அந்தக் கைவேலை கிட்டத்தட்ட அழிந்தேபோனது. 1970-களில் சில பெண்கள் விடாப்பிடியாகத் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். அந்த வடிவங்கள் சிலவற்றில் குலமும் தெய்வமும் இருக்கின்றன. தெய்வச் சிலைகளை அச்சடித்த மலிவுச் சட்டைகள் கடற்கரைக் கடைகளில் தொங்குகின்றன. அவற்றைப் போடாதே. நம் முருகன் படத்தை யாராவது காலுறையில் அடித்தால் நமக்கு எப்படி இருக்கும்? பூவும் இலையும் அலையும் மீனும் போட்ட சட்டைக்கு அந்தத் தடை இல்லை. ஹிலோ ஊரில் சிக் ஜேன் என்பவர் 1985-இல் கடை தொடங்கி, அந்த மண்ணின் செடிகளை வரைந்து சட்டை ஆக்கியவர். மரியாதையாகச் செய்வது எப்படி என்று பார்க்க அவருடைய துணிகளைப் பார்க்கலாம்.

பெரியப்பாவிடம் இன்னொன்றும் சொல். ஹவாய்ச் சட்டைகளில் அடிக்கடி வரும் ஒரு பூ, ஆரஞ்சு இறகும் நீல நாக்குமாக நிற்குமே, ஸ்ட்ரெலிட்சியா, அது ஹவாய்ப் பூவே இல்லை. நம் பூ. ஈஸ்டர்ன் கேப்பிலும் குவாசூலு-நேட்டாலிலும் காட்டில் தானாக வளர்வது. நம்முடைய ஐம்பது சென்ட் காசில் பல வருடம் அதுதான் இருந்தது. இங்கிருந்து உலகம் சுற்றி ஹவாய்த் தோட்டங்களுக்குப் போய், அங்கிருந்து சட்டையில் ஏறித் திரும்ப டர்பனுக்கு வந்திருக்கிறது. இருபது சென்ட்டில் இருந்த புரோட்டியாவும் அப்படித்தான். மாவி தீவின் மலைச்சரிவில் இப்போது பண்ணை போட்டு வளர்க்கிறார்கள். ஈழத்தலரி மத்திய அமெரிக்காவில் இருந்து போனது.

அப்புறம் நம் மடிபா சட்டை, அதாவது மண்டேலா போட்ட சட்டை. மண்டேலாவுக்கு 1990-இல் இந்தோனேசியா போனபோது பாத்திக் சட்டை பரிசாகக் கிடைத்தது. 1994-இல் கேப் டவுனில் தெஸ்ரே பயர்ஸ்கி என்ற பெண் தைத்துக் கொடுத்ததை நாடாளுமன்ற நிகழ்ச்சி ஒத்திகைக்கே போட்டுக்கொண்டு போனார். ஜாவாவின் மெழுகுச் சாயக் கலை, இங்கத்திய தையல், அதைப் போட்டவர் நம் ஈஸ்டர்ன் கேப்பின் எம்வேசோவில் பிறந்தவர். அதைப் பார்த்து யாரும் வேறு ஆட்களுடைய உடை என்று கேட்கவில்லை. உன் பெரியப்பாவின் அலமாரியிலும் ஒன்று தொங்கும் என்று நினைக்கிறேன்.

ஹவாயிலும் இது உடனே ஏற்றுக்கொள்ளப்பட்ட உடை இல்லை. கோட்டு, டை இல்லாமல் ஆபீஸுக்குள் விடமாட்டார்கள். 1947-இல் அலோஹா வாரம் என்ற விழா தொடங்கியபோதுதான் நகராட்சி ஊழியர்கள் போடலாம் என்று இளகினார்கள். 1962-இல் ஆடைத் தயாரிப்பாளர் சங்கத்தார் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சட்டை கொடுத்துக் கேட்டுப் பார்த்தார்கள். 1966-இல் வெள்ளிக்கிழமைகளில் போடலாம் என்று ஆனது. இன்றைக்கு அங்கே கல்யாணத்துக்கும் சாவு வீட்டுக்கும் அதைத்தான் போட்டுப் போகிறார்கள். ஆகவே கூழ் பூசைக்குப் போடலாம். தீமிதிக்கும் காவடிக்கும் மட்டும் மஞ்சளும் வேட்டியுமே இருக்கட்டும். அங்கே விரதம் பெரிது.

கேள்வி: அம்மா போன வருடம் தவறிவிட்டார். சாட்ஸ்வொர்த்தில் இருந்து தினமும் பஸ் பிடித்து மொபெனி பக்கம் ஒரு சட்டைத் தொழிற்சாலைக்குப் போய் எங்களை வளர்த்தவர். அவருடைய இரண்டு பூப்போட்ட புடவைகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்று வாயில் என்ற மெல்லிய பருத்தி, ஒன்று நைலெக்ஸ் என்ற செயற்கைத் துணி. அவற்றில் என் மகனுக்குப் பூச்சட்டை தைக்கலாமா? வெட்டக் கை வரவில்லை. மனசும் வரவில்லை.
— ஒரு வாசகி, டொங்காட்

தைக்கலாம் தாயி. தைக்கவேண்டும். அம்மா ஆயிரம் வீட்டுக்குச் சட்டை தைத்தவர். அவர் புடவை பேரன் மேலே சட்டையாக இருப்பது பெட்டிக்குள் இருப்பதைவிட அவருக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

நைலெக்ஸை விட்டுவிடு. அது வியர்வையை உறிஞ்சாது, இஸ்திரி கொஞ்சம் சூடானால் ஒட்டிக்கொள்ளும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பையன் கழற்றி எறிந்துவிடுவான். அதில் பைக்கு உள்துணி போடு, அல்லது அப்படியே நீ கட்டிக்கொள். வாயில்தான் சட்டைக்கு. பழைய பருத்தி நன்றாக இளகியிருக்கும்.

முதலில் ஜன்னலுக்கு எதிரே புடவையை விரித்து வெளிச்சத்தில் பார். மடித்துவைத்த கோடுகளிலும், கொசுவம் செருகும் இடத்திலும் நூல் தேய்ந்திருக்கும். அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடு. முதுகுப் பக்கமும் தோளும் அந்த வட்டங்களில் வரக்கூடாது, இழுபடும் இடம் அது. புடவை ஐந்தரை மீட்டர் இருக்கும். பையனுக்குச் சட்டை ஒன்றுக்கு இரண்டரை மீட்டர் போதும் என்றாலும், பூவைப் பொருத்துவதற்கு மூன்று என்று கணக்கு வை. கரையை வீணாக்காதே. 1950-களின் பூச்சட்டைகளில் ஒருவகை உண்டு, அடி விளிம்பைச் சுற்றிப் படம் ஓடும். உன் அம்மாவின் கரையை அப்படியே அடியில் வரவிடு, மடிப்பு கூட வேண்டாம், துணியின் ஓரமே விளிம்பு. நூலோட்டம் குறுக்கே திரும்பும். வாயிலில் அது பாதகமில்லை. முந்தானையில் பெரிய பூ இருந்தால் அதை முதுகுக்கு வை, நடுவில் தையல் போடாமல் ஒரே துண்டாக.

வாயில் மெல்லியது, நூல் பிரியும். பக்கத் தையலை முதலில் வெளிப்பக்கம் போட்டு, ஓரத்தை நறுக்கி, திருப்பி உள்ளே இன்னொரு தையல் போடு. பிசிர் எல்லாம் உள்ளே அடைபட்டுவிடும். காலருக்குக் கேன்வாஸ் வைக்காதே, விறைத்து நிற்கும். அதே புடவைத் துண்டை இரண்டாக மடித்து உள்ளே வை. ஷ்வேஷ்வே என்ற நம் ஊர் அச்சுப் பருத்தித் துணியில் காலர் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று உன் நாத்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நல்ல யோசனைதான். ஸ்வெலிட்ஷாவில் டா காமா ஆலையில் அச்சடித்த அசல் நீலம் வாங்கு. கஞ்சி போட்டு விறைப்பாக வரும், அகலம் 90 சென்டிமீட்டர்தான். வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று முறை தனியாகத் துவைத்துக் கஞ்சியும் மிச்சச் சாயமும் போகவிடு. இல்லாவிட்டால் நீலம் வாயிலில் இறங்கிவிடும்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இதை எல்லா வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஹொனலுலு சட்டைகளின் முத்திரையில் கடைக்காரர் பெயர் இருக்கும். சில முத்திரையில் ஓவியர் பெயர் கூட உண்டு. தைத்தவள் பெயர் கிடையாது. நாங்கள் தைத்து அனுப்பிய லட்சக்கணக்கான சட்டைகளிலும் தென்னாப்பிரிக்காவில் தைத்தது என்ற ஒரு வரி மட்டும்தான். 1990-களில் இறக்குமதி வரியைக் குறைத்தபின் மலிவுத் துணி வந்து இறங்கி, டர்பனில் ஒவ்வொரு தொழிற்சாலையாக மூடியது. மிஷின்களை ஏலம் விட்டார்கள். அங்கே வாழ்க்கையைக் கழித்த நம் பெண்கள் யார் யார் என்று சொல்ல ஒரு பட்டியல் கூட எங்கும் மாட்டவில்லை. எனக்கு அது ஆறவே இல்லை. பூச்சட்டைக்காரரின் பேரன் இன்றைக்குப் பாட்டி தையல்காரி என்று அட்டையில் போட்டு விற்கிறான் என்றால், அந்தப் பாட்டி பெயரையும் சேர்த்துப் போடட்டும் என்பேன். நீ உன் அம்மா பெயரைப் போடு. தோள் பட்டியின் உள்பக்கம், கழுத்துக்குக் கீழே, தமிழில், சங்கிலித் தையலில். ஊரும் எழுது. கீழே தைத்தவள் என்று உன் பெயர். வாயிலில் எழுத்து வெளியே தெரியுமே என்று கவலை வேண்டாம், தோள் பட்டி இரண்டு அடுக்கு.

வெட்டக் கை வரவில்லை என்றாய். பழைய படுக்கை விரிப்பில் ஒரு சட்டையை முழுதாக வெட்டித் தைத்து, பையனுக்குப் போட்டுப் பார். அளவு சரி என்றான பிறகு அந்தச் சட்டையைப் பிரித்து, துண்டுகளையே பேட்டர்னாகப் புடவை மேலே வை. கத்தரியை முதல் நாள் சாணை பிடித்துவிடு. முந்தானையில் இருந்து தொடங்காதே, உள்முனையில் இருந்து தொடங்கு; கை பழகிய பிறகு முந்தானைக்கு வா. பாக்கெட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் வெட்டு, பூவைத் தேடி. காஜா அடிக்கும்போது வாயில் சுருங்கும், அதனால் துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் ஒன்று வைத்து அடித்துவிட்டுப் பிறகு கிழித்து எடு. பட்டன் கொட்டாங்குச்சியே வாங்கு, நாலு துளை உள்ளதாக.